ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை

கேள்வி: போன மாதம் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப். ஹெட்போன் மாட்டினால் பாட்டு கேட்கிறது, கழற்றினால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. "ஃபார்மட் பண்ணினால் சரியாகிடும், 800 ரூபாய்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஹெட்போனில் சத்தம் வருகிறது என்றாலே சவுண்ட் சிப்பும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. ஃபார்மட் என்பது கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அந்தச் சாக்கில் ஒரிஜினல் விண்டோஸை எடுத்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, விண்டோஸ், கண்ட்ரோல், வி மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். சத்தம் எங்கே போகிறது என்ற பட்டியல் வரும். டிவியோ புளூடூத் இயர்போனோ தேர்வாகியிருந்தால், லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். கழற்றிய பிறகும் 'ஹெட்போன்' என்றே காட்டினால், ஹெட்போன் முனை இன்னும் உள்ளே இருப்பதாக அதைச் செருகும் துளையான ஜாக் நினைத்துக்கொண்டிருக்கிறது. நாலைந்து முறை செருகி எடுங்கள். ஊசி விட்டுக் குடைய வேண்டாம்.

அப்புறமும் இல்லையா? அணைத்துவிட்டு ஆன் செய்யும்போதே, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். கம்பெனியே வைத்திருக்கும் சோதனைத் திரைக்குப் போகலாம் (டெல்லில் முதலில் ஒரு பட்டியல் வரும், அதில் 'டயக்னாஸ்டிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்). அது விண்டோஸுக்கு வெளியே ஓடுவது. அங்கும் ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் ஸ்பீக்கரிலோ அதன் இணைப்பிலோதான். எத்தனை ஃபார்மட் போட்டாலும் வராது. அதைச் சரிசெய்ய வேண்டியது கம்பெனி, வாரண்டியில், இலவசமாக. வெளிக்கடையில் திருகைக் கழற்றவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள்.

வாரண்டி தேதியையும் பாருங்கள். லேப்டாப் கடை அலமாரியில் பல மாதம் கிடந்திருந்தால், கம்பெனித் தளத்தில் வாரண்டி நீங்கள் வாங்கிய நாளுக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டக்கூடும். அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்து, தேதி தவறாக இருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் துண்டுச் சீட்டோடு வந்திருந்தால், இன்றே கடைக்குப் போய் வாங்கிவிடுங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் ஏராளம். எடுத்தவுடன் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி உங்கள் திரையையே கைப்பற்றுவார்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணே போதும். அதிலும் ஒரே கதையை மூன்று பேரிடம் ஒப்பிக்க வைப்பார்கள். கடை கம்பெனியைக் காட்டும், கம்பெனி கடையைக் காட்டும். புகார் எண்ணை மட்டும் எழுதி வாங்குங்கள். இழுத்தடித்தால், அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.