பழைய காரின் பிறந்த நாள்: கேள்வி பதில்

கேள்வி (பொள்ளாச்சி): அப்புச்சி ஓட்டிய மோரிஸ் மைனர் தோட்டத்துச் சாளையில் நிற்கிறதுங்க. ஆர்.சி. புத்தகத்தில் 1955 என்றிருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வந்த நாளை எப்படி அறிவது?

பதில்: ஆர்.சி. புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்சுவரிலுள்ள தகட்டைப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். 1952 முதல் 1958 வரை வந்த மைனர்களின் சேஸிஸ் எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். முதலில் வரும் எஃப் மைனரையும், இரண்டாம் எழுத்து பாடி வகையையும், மூன்றாவது நிறத்தையும் குறிக்கும். ஏ என்றால் கறுப்பு, இ என்றால் பச்சை. அடுத்து வரும் இலக்கத்தில்தான் வண்டியின் பாதி வரலாறு இருக்கிறது. அது 2 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஏற்றுமதிக்காக முழுமையாகக் கட்டியது; 5 என்றால் உதிரிகளாகப் பெட்டியில் அனுப்பி வேறிடத்தில் பூட்டியது. இந்த எண்களோடு இங்கிலாந்தின் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதினால், தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்து, கட்டிய நாள், அனுப்பிய நாள், முதல் நிறம், போன இடம் ஆகியவற்றில் பதிவானவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள்.

கேள்வி (கோபி): என் அம்பாசிடருக்கும் அங்கேயே எழுதலாமா?

பதில்: வேண்டாம். அது மேற்கு வங்கத்திலுள்ள உத்தரபாராவில் பிறந்த வண்டி. கேய்டனில் அதற்குப் பேரேடு கிடையாது.

கேள்வி (பெருந்துறை): 5 என்று குத்தியிருந்தாலும் அது இங்கிலாந்து வண்டிதான் என்கிறேன். சிங்காநல்லூர் நண்பர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதில் நியாயம் அதிகம். 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி 1948-இல் உத்தரபாராவுக்கு மாறிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இதே மைனரை பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் விற்றது. பெட்டியில் வந்த வண்டிக்கு, மைனரைக் கட்டிய இங்கிலாந்தின் கௌலித் தொழிற்சாலைப் பேரேட்டில் இருக்கக்கூடியது பெட்டி புறப்பட்ட நாள்தான்; அதைக் காரின் பிறந்த நாள் என்பது, நெல் அறுத்த நாளைச் சோறு வடித்த நாள் என்பதைப் போன்றது.

கேள்வி (சிங்காநல்லூர்): அந்த நண்பன் நான்தானுங்க. அப்படியானால் அதை இந்திய வண்டி என்றே எழுதிவிடலாமல்லவா?

பதில்: நீங்களும் அவசரப்படுகிறீர்கள். எஞ்சினை வார்த்ததும் தகடுகளை அழுத்தியதும் அங்கே. பூட்டியது மட்டும் இங்கே. இரண்டையும் இரண்டு வரியாக எழுதி, எந்த நாள் எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். இருவரும் இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (தாராபுரம்): சேஸிஸ் எண் மங்கிவிட்டது. பட்டறையில் புதிதாகக் குத்தித் தருகிறேன் என்கிறார்கள்.

பதில்: குத்த விடாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றிக் குத்துவது குற்றம். அதைவிட, பழைய எழுத்தின் அச்சு போனால் போனதுதான். என் வண்டியொன்றைப் பெயிண்டுக்குக் கொடுத்தபோது, பட்டறையில் மணல் அடித்துத் தகட்டைக் கண்ணாடிபோல் ஆக்கித் தந்தார்கள். பளபளப்பாகத்தான் இருந்தது, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

கேள்வி (ஈரோடு): விண்டேஜ் பதிவுக்கு ஐம்பது ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பதில்: 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவு நாளிலிருந்துதான். ஆகவே தொழிற்சாலைச் சான்றிதழ் உங்கள் ஆசைக்கு, ஆர்.சி. புத்தகம் அரசாங்கத்துக்கு.

கேள்வி (உடுமலை): நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த உருவம் இந்தியாவில் மட்டுமே வந்தது. கேய்டனில் தேட வேண்டாம்.

கேள்வி (அவிநாசி): என் மைனர் என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வது என் வேலையன்று.

கேள்வி (பவானி): ஆர்.சி.யில் 1957 என்றிருக்கும் மைனர் எந்த மாதம் கட்டியதுங்க?

பதில்: பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். தகட்டைத் தேய்க்காதீர்கள்.