பத்து நாள் விபாசனா: கிளம்பும் முன் கேட்ட கேள்விகள்

எஸ்.என். கோயங்கா கற்றுத்தந்த முறையில், பத்து நாள் அங்கேயே தங்கி, பேசாமல் தியானம் பழகுவதுதான் விபாசனா முகாம். அதற்கு முதல் தடவையாகப் போகிறவர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே மாணவியாகவும், முகாம் நடக்க உதவும் சேவகியாகவும் இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு மூட்டு வலி. தரையில் உட்கார முடியாது. விண்ணப்பிக்கலாமா? (ஈரோடு, ஆசிரியை)

தாராளமாக. நாற்காலி கேட்டால் தருவார்கள், விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நாலாம் நாளிலிருந்து தினம் மூன்று தடவை, ஒரு மணி நேரம் கை, கால், கண் அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள். இப்போதே வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பழகுங்கள்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டுப் போகலாமா?

கூடவே கூடாது. டாக்டரிடம் பேசுங்கள், விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இப்போது வேண்டாம் என்று முகாம் நடத்துகிறவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். தினமும் சுமார் பத்து மணி நேரத் தியானம், பேச ஆளில்லை. மனநோய்க்கு அது சிகிச்சை இல்லை.

கோபம், சிகரெட், ராத்திரி முழுக்க ரீல்ஸ். மூன்றையும் விட்டுவிட்டு வரணும்னு லிஸ்ட் போட்டிருக்கேன். பத்து நாள் போதுமா? (சென்னை, ஐடி வேலை)

தம்பி, லிஸ்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான் வேலை, அதற்கு ஆனாபானா என்று பெயர். நாலாம் நாள் பிற்பகல்தான் விபாசனா சொல்லித் தருவார்கள். உச்சந்தலை முதல் பாதம் வரை உடம்பில் எழும் உணர்வுகளைப் பார்த்துக்கொண்டே போகணும். சுகமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளாமல், வலித்தால் தள்ளிவிடாமல். முதுகு வலிக்கும், உடனே அசையத் தோன்றும். அசையாமல் பார்த்தால் அந்த வலியே இடம் மாறும், கூடும், குறையும். கோபத்துக்கும் சிகரெட்டுக்கும் அங்கே தருகிற பயிற்சி இவ்வளவுதான். "கோபம் குறைஞ்சுதா?" என்று மணிக்கொரு தரம் தன்னையே சோதித்துப் பார்க்கிறவர்கள்தான் பாதியில் மூட்டை கட்டுகிறார்கள்.

சிகரெட்டை மட்டும் இப்போதே குறையுங்கள். உள்ளே புகையிலைக்கு அனுமதி கிடையாது. நிகோடின் கிடைக்காமல் வரும் தலைவலியோடு மூச்சைப் பார்ப்பது பெரிய அவஸ்தை.

திரும்பி வந்த பிறகு காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். என் கணிப்பில் மாற்றம் வந்தால் அதில்தான் வரும். பெரும்பாலோர் கோட்டை விடுவதும் அங்கேதான்!

தினமும் பூஜை, ஜபம் செய்வேன். தொடரலாமா?

அந்தப் பத்து நாள் மட்டும் நிறுத்திவைக்கணும். ஜபமாலை, மந்திரம், யோகாசனம் எல்லாமே அப்படித்தான். இது ஒத்துவராது என்று தோன்றினால் விண்ணப்பிக்காமல் இருப்பதே நேர்மை.

கட்டணம்?

கிடையாது. முகாமை முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள், அதுவும் விருப்பப்பட்டால்.

ராத்திரி சாப்பாடே இல்லையாமே?

ஆமாம். பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு, மாலை ஐந்துக்கு டீ, பழம். எழுப்புவது விடியற்காலை நாலு மணிக்கு. ஒரு வாரம் முன்னாலிருந்தே இரவில் குறைவாகச் சாப்பிட்டு, சீக்கிரம் படுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடணும்.

அம்மா வயதானவர். அவசரம் என்றால் எப்படித் தெரியும்?

போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். மையத்தின் நம்பரை அண்ணன், பக்கத்து வீடு என்று இரண்டு பேரிடமாவது கொடுத்துவிடுங்கள், அவசரம் என்றால் தகவல் சொல்வார்கள். இஎம்ஐ, கேஸ் புக்கிங், கரண்ட் பில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஆனாபானாவில் மூச்சு தெரியாது, கரண்ட் பில்தான் தெரியும்.