மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டியை எடுப்பது சின்ன ஆபரேஷனா?

அம்மாவுக்கு மூக்கு வழியாகப் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் சின்ன ஹார்மோன் சுரப்பி) கட்டியை எடுக்கப் போகிறார்கள், வெளியே தையலே இருக்காதாம், அப்படியென்றால் சின்ன ஆபரேஷன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்காவுக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது, நான்தான் கூட இருந்து கவனித்துக்கொண்டேன். முகத்தில் தழும்பு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்.

சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை, அதாவது உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாயை, மூக்குக்குள் விட்டு, பின்கோடியில் இருக்கும் ஸ்பீனாய்டு என்ற காற்றறையைத் திறக்கிறார்கள். அதற்குப் பின்னால் மெல்லிய எலும்பு, அதைத் தாண்டினால் பிட்யூட்டரி. இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாய்கள், மேலே பார்வை நரம்புகள். இத்தனைக்கும் நடுவில், மூளையைத் தொட்டு விலக்காமலே கட்டியிடம் போய்விடலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். 1907இல் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலில் இந்தப் பக்கமாகப் போனபோது மூக்கையே வெளியிலிருந்து அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது.

கட்டியை எடுத்ததும் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அதற்கு மூக்கின் நடுச்சுவர் சவ்வையோ, வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பையோ வைப்பார்கள். கொழுப்பு எடுத்தால் அங்கே தையல் இருக்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் வேலை. அக்கா குனிந்தபோது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டியது. ஜலதோஷம் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றதும் உடனே கூட்டிக்கொண்டு போனேன். சொட்டிய நீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் மூளைத் தண்டுவட நீர்தான். மறுபடியும் உள்ளே போய் அடைத்தார்கள். விட்டிருந்தால் மூளைக்காய்ச்சலில் போய் முடிந்திருக்கலாம். அதனால்தான் மூக்கைச் சிந்தாதே, வாயைத் திறந்து தும்மு, குனியாதே, மலச்சிக்கலோடு முக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அப்புறம், தாகமும் சிறுநீரும். அடங்காத தாகத்தோடு வெளிறிய சிறுநீர் நிறையப் போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் சோடியம் இறங்கவும் கூடும்: தலைவலி, குமட்டல், ஆள் ஒரு மாதிரி குழம்பிப் பேசுவது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது.

மூக்கடைப்பு, பொருக்கு, வாசனை தெரியாமல் இருப்பது எல்லாம் சில வாரங்களுக்கு இருக்கும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புநீரால் கழுவினால் மெல்லச் சரியாகும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சோடியம் பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும், நள்ளிரவில் சொட்டினால் யாரை அழைக்க வேண்டும், இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.