பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

கஸ்தூர்பா சாலையில் இருக்கும் இந்த அறிவியல் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பதில்கள் இதோ.

சேலம் அம்மா: மகனுக்கு 5 வயது. எல்லா மாடியும் பார்த்துவிடலாமா?

வேண்டாங்க. இன்ஜின் கூடமும் வேடிக்கை அறிவியல் கூடமும் போதும். ஒன்று மட்டும்: பலகையை வாசித்து முன்கூட்டியே விளக்கிவிடாதீர்கள். முதலில் அவன் கைவைக்கட்டும்.

ஓசூர் அப்பா: டிக்கெட் எவ்வளவு?

மாறிக்கொண்டே இருக்கும். அவர்களுடைய இணையதளத்தில் பாருங்கள்.

பள்ளி ஆசிரியர்: ரைட் சகோதரர்களின் விமான மாதிரியில் என்ன காட்டலாம்?

1903-இல் பறந்ததன் முழு அளவு மாதிரி அது. பைலட்டின் இருக்கை எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது, ஏனென்றால் அவர் குப்புறப் படுத்துத்தான் ஓட்டினார். இடுப்பை நகர்த்தினால் கம்பிகள் இழுத்து இறக்கை முறுக்கிக்கொள்ளும். அப்படித்தான் சாய்வைச் சரிசெய்தார்கள். முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. பள்ளி மைதானத்தில் அந்தத் தூரத்தை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சென்னைவாசி: இங்கே இதுபோல?

கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்க வளாகம்.

மெக்கானிக்கல் இன்ஜினியர்: காற்று ஊதியில் பந்து விழாமல் மிதக்கக் காரணம் பெர்னூலி விதி. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். சரிதானே?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. குழாயை விட்டு வெளியே வந்த காற்றின் அழுத்தம் ஏறத்தாழ அறைக்காற்றின் அழுத்தம்தான். பந்து வலப்பக்கம் நழுவினால், காற்று அதன் இடப்பக்கத்தை ஒட்டி வளைந்து வலப்புறம் திரும்புகிறது. காற்றை வலப்புறம் தள்ளிய பந்து இடப்புறம் தள்ளப்படும், நடுவுக்கு வந்துவிடும்.

அதே இன்ஜினியர்: வளையும் இடத்தில் அழுத்தம் குறைகிறதே?

குறைகிறது, வளைவதால். வெறும் வேகத்தால் அல்ல. ஒரு தாளை நேராகத் தொங்கவிட்டு ஒரு பக்கமாக ஊதுங்கள், பெரிதாக அசையாது. நுனி வளைந்து சரியும்படி பிடித்து மேலாக ஊதுங்கள், எழும்பும். இரண்டிலும் ஊதிய வேகம் ஒன்றுதானே?

மதுரை அக்கா: டிக்கெட் எவ்வளவுங்க?

அக்கா, மேலே பாருங்க.

இன்ஜினியர்: பாடப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லையே.

பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஹேர் டிரையரையும் பிங்பாங் பந்தையும் எடுங்கள். காற்றில் பந்தை மிதக்கவிட்டு, டிரையரை மெல்லச் சாயுங்கள். சாய்ந்தும் பந்து விழாது. குளிர்காற்றில் வையுங்கள், சூட்டில் பந்து நெளிந்துவிடும்.