மெத்தென்ற சீட்டை நம்பாதீர்கள்

பைக் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் (2022 மாடல்) வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து பெங்களூருக்கு அடிக்கடி ஓட்டிப் போகிறேன். முதல் ஒரு மணி நேரம் எதுவும் தெரிவதில்லை. நாமக்கல் நெருங்கும்போது பின்புறம் எரிய ஆரம்பித்து, சேலம் போவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. சீட் கடையில் ஜெல் வைத்தது, மெமரி ஃபோம் வைத்தது, கம்பெனி டூரிங் சீட்டு என்று மூன்றைக் காட்டினார்கள். ஜெல் சீட்டுதான் உட்கார்ந்ததும் சொகுசாக இருந்தது. வாங்கிவிடலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: உட்கார்ந்ததும் சொகுசாக இருந்தது என்கிறீர்களே, அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் தம்பி. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் மிருதுவான சீட்டுதான் எப்போதும் ஜெயிக்கும். சேலம் வரும்போது அதே சீட்டுதான் முதலில் தோற்கும்.

காரணம் இதுதான். நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தான் உடம்பின் எடையைத் தாங்குகின்றன. இரண்டு கைகளையும் பின்புறத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், இரண்டும் கையில் தட்டுப்படும். ஃபோம் மிருதுவாக இருந்தால் அந்த முனைகள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி சீட்டின் அடித்தட்டு வரை போய்விடும். அப்புறம் எலும்புக்கும் தட்டுக்கும் நடுவில் உங்கள் சதைதான் நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அந்த எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. ஓரளவு கெட்டியான ஃபோம் எலும்பை மேலேயே நிறுத்தி வைத்து, எடையில் ஒரு பங்கைத் தொடைக்கும் கொடுக்கும். முதலில் விறைப்பாகத் தெரியும், மூன்றாவது மணி நேரத்தில் அதன் அருமை புரியும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சீட்டைத் தரையில் வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் கொடுங்கள். அடித்தட்டு முழங்காலில் இடித்தால் அந்த சீட்டு வேண்டாம், எத்தனை ஜெல் வைத்திருந்தாலும் சரி.

ஃபோமுக்கு அடுத்தது வடிவம், என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானதே வடிவம்தான். இரண்டு எலும்பு முனைகளும் சீட்டின் தட்டையான பகுதியில் விழ வேண்டும், ஓரச் சரிவில் விழக் கூடாது. உங்கள் அளவு தெரிய வேண்டுமென்றால் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையைக் கெட்டியான பெஞ்சில் போட்டு, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். இரண்டு குழி விழுந்திருக்கும், அவற்றின் நடு மையங்களுக்கு இடையே எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். சைக்கிள் சீட்டு தேர்ந்தெடுக்கிறவர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான் இது. சீட்டின் தட்டையான பகுதி அந்த அளவைவிட இரண்டு பக்கமும் தாராளமாக அகன்றிருக்க வேண்டும். டேங்க் பக்கம் சரியும் சீட்டாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் வழுக்கிப் போவீர்கள், தொடை இடுக்கில் அழுத்தம் விழும், அதனால் கிட்டத்தட்ட சமமாக இருப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கி.மீ. ஓட்டுவதை ஒரு சவாலாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பேர் பெற்ற ரஸல் டே-லாங் சீட்டைப் பார்த்தால் அழகாகவே இருக்காது. தொடைக்கு அடியில் இரண்டு பக்கமும் அகன்று பரந்திருக்கும். அந்த அகலம்தான் அங்கே வேலை செய்கிறது.

ஜெல் கெட்டது என்று சொல்லவில்லை. கெட்டியான ஃபோமுக்கு மேல் மெல்லிய அடுக்காக இருந்தால் பயன் உண்டு. ஆனால் வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்து உட்கார்ந்தால் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், நம் ஊரில் இது சின்னப் பிரச்சினை இல்லை. மெமரி ஃபோம் சூடு ஏற ஏற இளகும், அதனால் மே மாத மதியத்தில் அது மட்டும் தனியாக உங்களைத் தாங்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்வேன். உங்கள் வண்டியின் பின் ஷாக்கில் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) விறைப்பை மாற்ற 6 நிலை இருக்கிறது. உங்கள் எடைக்கும் சாமானுக்கும் ஏற்ற நிலையில் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு வரும், அதற்கு சீட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஜீன்ஸின் தடித்த தையல் சரியாக எலும்புக்கு அடியில் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் சரி செய்த பிறகும் வலித்தால் கம்பெனி டூரிங் சீட்டை முழங்கால் சோதனை செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அதுவும் சரிப்படவில்லை என்றால் குஷன் கடையில் உங்கள் அளவுக்குச் செய்வது. இதற்கு உங்கள் ஒரிஜினல் சீட்டை வெட்ட விடாதீர்கள், பழைய சீட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், சென்னைப் பக்கம் போனால் புதுப்பேட்டையில் தேடலாம். கடைக்காரர் "40 டென்சிட்டி ஃபோம்" என்பார். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று அர்த்தம், எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். எவ்வளவு அமுங்கும் என்பது வேறு கணக்கு, அதிக டென்சிட்டியிலும் மிருதுவான ஃபோம் உண்டு, ஆகவே கையால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அடியில் துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஃபோம், மேலே ஒரு அடுக்கு நல்ல பியூ ஃபோம், இந்தக் கூட்டணி பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும். ரெக்ஸினை மத்தளம் மாதிரி இறுக்கித் தைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்படித் தைத்தால் உள்ளே எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தும் எலும்பு அதைத் தொடவே தொடாது. உட்காரும் இடத்தில் டைமண்ட் தையலும் வேண்டாம், மழைத் தண்ணீர் ஒவ்வொரு ஊசித் துளையிலும் இறங்கும்.

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். ஹிமாலயன் 450 வாங்கியிருக்கிறேன், கால் சரியாக எட்டவில்லை. சீட்டு ஃபோமை இரண்டு அங்குலம் வெட்டிக் குறைத்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– கோவை வாசகி

பதில்: வேண்டாம். இரண்டு அங்குலம் போனால் எலும்புக்கு அடியில் மிச்சம் இருப்பது பேருக்குத்தான், கால் எட்டும், ஆனால் நூறு கிலோமீட்டர் உட்கார முடியாது. உங்கள் வண்டியின் சாதாரண சீட்டை 825, 845 மி.மீ. என்று இரண்டு உயரத்தில் வைக்கலாம், முதலில் கீழ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், 845-இல் வைத்தே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. கம்பெனியிலேயே 805 மி.மீ.க்கு இறங்கும் லோ சீட்டும் கிடைக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் உயரத்தில் கை வைக்காமல், டேங்கை ஒட்டிய பகுதியின் இரண்டு ஓரங்களை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். தொடைகள் அகலாமல் கால் நேராகக் கீழே இறங்கும், உயரத்தைத் தொடாமலேயே தரை கிட்ட வரும். பின்பகுதியின் அகலம் அப்படியே இருக்கட்டும், பெண்களுக்குப் பொதுவாக இடுப்பெலும்பு முனைகளின் இடைவெளி அதிகம் என்பதால் அந்த அகலம் உங்களுக்குக் கட்டாயம் தேவை.

கேள்வி: நான் ஓட்டுவதில்லை, பின்னால் உட்காருபவள். கணவரின் இன்டர்செப்டர் 650-இல் கொல்லிமலை போய் வந்ததிலிருந்து இடுப்பும் வால் எலும்பும் வலிக்கின்றன. அவருக்கு மட்டும் புது சீட்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.
– மதுரை வாசகி

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். உங்களுக்கு இரண்டும் இல்லை. இருவரும் ஒரே சீட்டில் உட்காரும் வண்டியில் ஓட்டுகிறவரின் அளவுக்கு மட்டும் சீட்டு மாற்றுவது சரியில்லை, கடைக்கு நீங்களும் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், முழங்கால் சோதனையைப் பின் பகுதியிலும் செய்ய வேண்டும். பின்னால் சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட், அல்லது டாப் பாக்ஸின் முகப்பில் ஒரு பேட் வைத்தாலே வால் எலும்பின் சுமை நன்றாகக் குறையும். இருவராகப் போகும்போது பின் ஷாக்கைக் கெட்டியாக்கச் சொல்லுங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை. ஊர் திரும்பி நாட்கள் ஆகியும் வால் எலும்பு வலி நிற்கவில்லை என்றால் சீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: சீட்டு மாற்றாமல், காற்றடைத்த குஷன் மட்டும் வாங்கினால் போதுமா? ஊட்டிப் பயணம் இருக்கிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த வகை நல்ல பொருள்தான், அறைக்கு அறை காற்று மெதுவாக நகர்ந்து அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். பலரும் அதை உப்ப உப்ப ஊதிவிட்டு வண்டி மிதக்கிறது என்கிறார்கள். ஊதி, உட்கார்ந்து, எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி மட்டும் மிஞ்சும் வரை காற்றை இறக்குங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் குஷன் தானாகவே விறைக்கும், குன்னூரில் நிறுத்தும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்ததும் மறுபடி ஊத வேண்டியிருக்கும்.