'கிவ் மீ' ஓகே, 'எக்ஸ்பிளெயின் மீ' மட்டும் ஏன் தப்பு?

கேள்வி: மேடம், நான் ஐடி சப்போர்ட் டீம்ல சேர்ந்து ஆறு மாசம் ஆகுது, படிச்சதெல்லாம் தமிழ் மீடியம். போன வாரம் கிளையண்டுக்கு அனுப்ப ஒரு மெயில் எழுதினேன். 'ப்ளீஸ் எக்ஸ்பிளெயின் மீ த இஷ்யூ. வீ வில் டிஸ்கஸ் அபவுட் இட் டுமாரோ. த சர்வர் வாஸ் ஸ்லோ, சோ ஐ ஷட் டவுன் இட்.' டீம் லீட் மூணு வரியிலயும் சிவப்பு கோடு போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு கேட்டா அது அப்படித்தான்னு சொல்றாங்க. 'கிவ் மீ' சரின்னா 'எக்ஸ்பிளெயின் மீ' ஏன் தப்பு? 'லுக் அட் இட்' சரின்னா 'ஷட் டவுன் இட்' ஏன் தப்பு?

பதில்: தம்பி, மூணு வரியில மூணு வேற வேற தப்பு, நான் பாடம் எடுக்க உதாரணம் தேடி அலையவே வேண்டாம் போல இருக்கு! ஆனா வெக்கப்படாதீங்க, இருபது வருஷ சர்வீஸ் உள்ளவங்க மெயில்லயும் இது மூணும் இருக்கும்.

ஸ்கூல்ல தமிழ் ஐயா வேற்றுமை உருபு நடத்தினது ஞாபகம் இருக்கா, ஐ, ஆல், கு-ன்னு வரிசையா ஒப்பிச்சோமே, கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது. தமிழ்ல எனக்கு, என்னை, என்கிட்ட, என்னோடன்னு உருபு சொல்லோடயே ஒட்டிக்கிட்டு வந்துடும். எனக்குக் குடு, எனக்குக் காட்டு, எனக்கு விளக்கு, வினை எதுவா இருந்தாலும் அதே 'கு'. இங்கிலிஷ்ல 'என்னை'க்கும் 'மீ'தான், 'எனக்கு'க்கும் 'மீ'தான். அந்த 'மீ' எந்த வேலை பாக்கணும், முன்னாடி 'டு' வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற அதிகாரம் வினைச்சொல் கையில இருக்கு. நாம தமிழ்ப் பழக்கத்துல எல்லா வினையையும் ஒரே மாதிரி நடத்திடறோம்.

ஒரு காலத்துல இங்கிலிஷும் நம்ம மாதிரிதான் இருந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலிஷ்ல 'ஹிம்'னா 'அவனுக்கு'. 'அவனை'ன்னு சொல்ல 'ஹினெ'ன்னு தனிச்சொல்லே இருந்துச்சு. போகப்போக உருபெல்லாம் தேஞ்சு, 'ஹினெ' காணாமப் போயி, 'ஹிம்'மே ரெண்டு வேலையும் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. 'கிவ் மீ'ங்கறது அந்தக் காலத்து மிச்சம், அதுல வர்ற 'மீ'க்குள்ள நம்ம 'கு' ஒளிஞ்சிருக்கு. கிவ், ஷோ, டெல், சென்ட், டீச், லெண்ட் எல்லாம் அந்தப் பழைய வீட்டு ஆளுங்க, இவங்களுக்கு 'டு' இல்லாமலே ஓடும். 1066ல பிரான்ஸ் பக்கத்துலேருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கப்புறம் பிரெஞ்சுலேருந்தும் லத்தீன்லேருந்தும் மூட்டை மூட்டையா சொல்லு வந்து இறங்குச்சு. எக்ஸ்பிளெயின், டிஸ்கிரைப், சஜஸ்ட், அனவுன்ஸ், இன்ட்ரொட்யூஸ் எல்லாம் அப்படி வெளியிலேருந்து வந்தவைதான், யாருக்குன்னு சொல்லணும்னா 'டு' இல்லாம நகராது. அதனால 'எக்ஸ்பிளெயின் த இஷ்யூ டு மீ'. வாட்ஸ்அப் குரூப்ல 'ப்ளீஸ் சஜஸ்ட் மீ எ குட் டென்டிஸ்ட்'னு கேக்கறோமே, அங்க 'மீ'யே தேவையில்ல, 'ப்ளீஸ் சஜஸ்ட் எ குட் டென்டிஸ்ட்' போதும்.

இதை அப்படியே ரூலா எடுத்துக்காதீங்க, ஒரு கைகாட்டி மாதிரி வெச்சுக்கங்க. 'ப்ராமிஸ்' லத்தீன் வழி வந்தது, ஆனா 'ப்ராமிஸ் மீ' சரி. 'சே' சொந்த வீட்டுப் பிள்ளை, ஆனா 'சே மீ' தப்பு, 'டெல் மீ'தான். இன்னொண்ணு, 'கிவ் மீ த ஃபைல்' சரி, ஆனா ஃபைலுக்கு பதிலா 'இட்' வந்துட்டா 'கிவ் மீ இட்' பொதுவா கொஞ்சம் இடிக்கும், 'கிவ் இட் டு மீ'ன்னு மாத்திடுங்க. வட இங்கிலாந்துப் பக்கம் 'கிவ் இட் மீ'ன்னே பேசுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், உங்க கிளையண்ட் மெயில்ல வேண்டாம்.

ரெண்டாவது வரி சுலபம். 'அதப்பத்திப் பேசலாம்'னு மனசுல ஓடுது, 'பத்தி'க்கு 'அபவுட்' போட்டுட்டீங்க. 'டாக் அபவுட் இட்' சரி. 'டிஸ்கஸ்'ல அந்தப் 'பத்தி' ஏற்கனவே உள்ளயே இருக்கு, அதனால 'டிஸ்கஸ் இட்'. ஆனா 'எ டிஸ்கஷன் அபவுட் த இஷ்யூ' சரி, நம்மாளுங்க வழுக்கறது இங்கதான். பெயர்ச்சொல்லா இருக்கும்போது கூட ஒரு ப்ரிபொசிஷன், அதாவது 'டு', 'ஃபார்', 'அபவுட்' மாதிரி குட்டிச் சொல்லு வரும், வினையா மாறினா அது உதிர்ந்துடும். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்' தப்பு. 'ஆன்சர் டு மை கொஸ்டின்' சரி, பதில் சொல்லுன்னு கேக்கும்போது 'ஆன்சர் மை கொஸ்டின்' மட்டும்தான். 'ஆபீசுக்கு'ன்னு நினைச்சு 'ரீச்டு டு ஆபீஸ்', 'என்கிட்ட'ன்னு நினைச்சு 'டோல்ட் டு மீ', ரெண்டுலயும் அந்த 'டு' தண்டம். தலைகீழாவும் நடக்கும், 'நான் சொல்றதக் கேளு'ல 'கு'வும் இல்ல 'கிட்ட'வும் இல்லாததால 'லிசன் மீ'ன்னு விட்டுடறோம், அங்க 'டு' கட்டாயம் வேணும்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. 'லுக் அட் இட்'ல 'அட்' யாரோட ஆளு? 'இட்'டோட ஆளு, அது முன்னாடிதான் நிக்கும். 'ஷட் டவுன்'ல 'டவுன்' யாரோட ஆளு? 'ஷட்'டோட ஆளு, ரெண்டும் சேர்ந்துதான் 'நிறுத்து'ங்கற அர்த்தமே வருது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி குட்டிச் சொல்லு, அதான் குழப்பம். 'ஷட் டவுன் த சர்வர்', 'ஷட் த சர்வர் டவுன்' ரெண்டும் ஓடும், ஆனா சர்வர் 'இட்' ஆயிட்டா நடுவுல மட்டும்தான் போகணும். இங்கிலிஷ் வாக்கியத்துல கடைசி சீட் பொதுவா புதுத் தகவலுக்கு, 'இட்' ஏற்கனவே சொன்ன பழைய விஷயம், அதனால உள்ள தள்ளிடுவாங்க. பிக் மீ அப், கால் ஹிம் பேக், ஃபில் இட் இன் எல்லாம் இதே கணக்கு.

எது யாரோட ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எங்க கிளாஸ்ல நான் இதை எழுத விடமாட்டேன், கை தட்டச் சொல்வேன். அழுத்திச் சொல்ற இடத்துல தட்டணும். 'டர்ன் இட் ஆஃப்'னு ஃபேன் சுவிட்சைக் காட்டிச் சொன்னா கை தானா 'ஆஃப்'ல விழும். 'லுக் அட் இட்'ல 'லுக்'லதான் விழும், 'அட்' வாய்க்குள்ளயே கரைஞ்சு போயிடும். சந்தேகமா இருந்தா நடுவுல ஒரு சொல்லைச் செருகிப் பாருங்க, 'லுக் கேர்ஃபுலி அட் த சர்வர்' நிக்குது, 'ஷட் குவிக்லி டவுன் த சர்வர்' நிக்கல, ஏன்னா அது ஒட்டிப்பிறந்தது, பிரிச்சு நடுவுல குவிக்லியைச் செருக முடியாது.

இடம் மாறினா அர்த்தமே மாறற ஜோடியும் உண்டு. 'ஐ சா த்ரூ ஹிம்'னா அவன் போட்ட வேஷம் எனக்குப் புரிஞ்சு போச்சு. 'ஐ சா ஹிம் த்ரூ'ன்னா அவன் கஷ்டத்துல கடைசி வரைக்கும் கூட நின்னேன். மேனேஜரைப் பத்தி எழுதும்போது பாத்து எழுதுங்க!

இனிமே ஒரு வினையை மட்டும் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, அது கூட்டிக்கிட்டு வர்ற ஆளோட சேத்துப் பண்ணுங்க. இங்கிலிஷ் கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட ஆக்ஸ்போர்டு மாதிரி லேர்னர்ஸ் டிக்ஷனரியைத் திறந்தா 'எக்ஸ்பிளெயின் சம்திங் டு சம்படி'ன்னு தடிமன் எழுத்துல இருக்கும், நாம அதைத் தாண்டி நேரா அர்த்தத்துக்குப் போயிடறோம். ஹார்ன்பின்னு ஒரு இங்கிலிஷ்காரர் ஜப்பான்ல வாத்தியாரா இருந்தப்போ தயாரிச்ச டிக்ஷனரி 1942ல டோக்கியோவுல வந்துச்சு, 1948ல ஆக்ஸ்போர்டு அதைப் போட்டாங்க, அதுலயே எந்த வினை எப்படி அமையும்னு வகை பிரிச்சுக் காட்டியிருப்பார். ஜப்பான்காரங்களும் நம்ம மாதிரி பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி உருபு ஒட்டறவங்கதான், அங்க கிளாஸ்லயும் இதே மாதிரி சிவப்புக் கோடு நிறைய விழுந்திருக்கும்னு நினைக்கறேன்.

உங்க மெயில் இப்ப இப்படிப் போகட்டும்: 'ப்ளீஸ் எக்ஸ்பிளெயின் த இஷ்யூ டு மீ. வீ வில் டிஸ்கஸ் இட் டுமாரோ. த சர்வர் வாஸ் ஸ்லோ, சோ ஐ ஷட் இட் டவுன்.' கிளையண்டைக் கேக்காம சர்வரை ஏன் நிறுத்தினீங்கன்னு அவங்க கேட்டா அதுக்கு என்கிட்ட இலக்கணம் இல்ல தம்பி.