ஈவா ஸ்மித்தின் சாவுக்கு யார் அதிகப் பொறுப்பு?

ஆங்கில நாடகாசிரியர் பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தில் ஈவா தற்கொலை செய்துகொள்ளும் ஏழைப் பெண்; அவள் சாவுக்காகச் சட்டம் யாரையும் தொட முடியாது. சிக்கலே அதுதான். கதை நடப்பது 1912-இல். வாரக் கூலியை 25 ஷில்லிங் ஆக்கக் கேட்டு வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதால் ஆலை முதலாளி பிர்லிங் அவளை நீக்குகிறார். முதலாளி புத்தி, வியப்பில்லை.

என்னை உறுத்துவது பிர்லிங்கின் மகள் ஷீலா. தனக்குப் பொருந்தாத உடை, பிறகு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த ஈவாவுக்கு எடுப்பாக இருந்தது. கண்ணாடியில் அவள் சிரிப்பதைப் பார்த்ததும் ஆத்திரம். மேலாளரிடம் புகார், வேலை போயிற்று. ஆனால் கூசிப்போய் அழுபவளும் ஷீலாதான்.

அதிகப் பழி ஷீலாவின் தாய் திருமதி பிர்லிங்கிற்கே என்பேன். உதவி கேட்டு வந்த கர்ப்பிணி ஈவாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, "குழந்தையின் தகப்பனைப் பிடியுங்கள்" என்கிறாள். தகப்பன் அவள் மகன் எரிக்! அப்போதும் அவள் தன் தவற்றை ஒப்புக்கொள்வதில்லை.